பெரியம்மாவின் நெஞ்சுச்சளி

கண்டிக்கு முதன்முதலாக வருகிறவர்கள், ஏரிக்கரையிலே சற்று உலாவி, தலதா மாளிகையின் பொற்கூரையையும் உடவத்தகலைக் காட்டின் பசுமையையும் கண்ணாரக் கண்டபின், இப்படிப்பட்ட மலைநாட்டில் வசிப்பவர்களுக்குச் சுவாச வியாதிகள் எங்கிருந்து வரப்போகின்றன என்று சொல்லிவிட்டுப் போவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள்மேல் குற்றமில்லை. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், ஹந்தானையும் பஹிரவகந்தையும் உடவத்தகலையும் சுற்றி நிற்க, நடுவிலே தாழ்ந்து கிடக்கும் இந்நகரத்தில், குட்ஷெட் பஸ் நிலையத்திலும் மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலும் பகல் முழுவதும் வெளியாகும் டீசல் புகை, அதை அடித்துக்கொண்டு போகக் கொழும்பிலே இருப்பதைப் போன்ற கடற்காற்று இல்லாமையினால், குளிர்ந்த காலை வேளைகளில் மலைகளுக்கிடையே தங்கிவிடுகிறது என்பது வந்து போகிற கண்ணுக்குத் தெரியாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியராயிருந்த ஓ. ஏ. இலேபெரும அவர்கள் இதைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதியும் பேசியும் வந்திருக்கிறார்.

நான் இன்று எழுத எண்ணியது, அந்தப் புகையைக் காட்டிலும் பழைய புகையொன்றையும், அதன் விளைவாக என் பெரியம்மாவின் சரீரத்துக்குள்ளே முப்பது வருஷங்களாக முடிவில்லாமல் நடந்துவரும் ஒரு காரியத்தையும் பற்றி. பெரியம்மா கலஹாவுக்கு அப்பால், ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைக்கு அதிக தூரமில்லாத ஒரு தோட்டத்தில், பெரட்டு என்னும் காலை ஆளெடுப்புக்குப் போய்க் கொழுந்தெடுத்தே காலம் கழித்தவர். பீடி, சுருட்டு, சிகரெட் எதையும் கையால் தொட்டதில்லை. வெற்றிலை மட்டும் உண்டு. ஆயினும் அவருடைய கிளினிக் கொப்பியிலே எழுதியிருப்பது, புகைபிடிப்பவர்களுக்கே உரித்தானது என்று சாதாரணமாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிற சி.ஓ.பி.டி. என்னும் நாட்பட்ட சுவாசத்தடை நோய். இளவயதிலே சயரோகம் வந்து மருந்து தின்று குணமானதன் எச்சமாக, வலப்பக்கச் சுவாசப்பையின் சில குழாய்கள் விரிந்து தளர்ந்துபோயிருக்கின்றன என்றும், அதற்கு ப்ரொங்கியெக்டேசிஸ் என்று பெயர் என்றும் ஸ்கேன் எடுத்தபின் தெரியவந்தது.

அவருடைய அடுப்படியைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. லயத்திலே ஒரு காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்சுவரோடு ஒட்டி அடுப்பு. முதுகோடு முதுகாகக் கட்டிய லயமாகையால் அந்தச் சுவருக்கு அப்பால் இன்னொருவருடைய காம்பரா. எனவே ஜன்னலுக்கு இடமே கிடையாது. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து சுமந்துவந்த தேயிலை மிலாறு, மழைக்காலத்தில் ஒருநாளும் சரியாகக் காய்வதில்லை. ஈர மிலாறைச் செருகி, ஊதுகுழலை வாயில் வைத்து, முகத்தை அடுப்புக்கு ஒரு சாண் தூரத்திலே கொண்டுபோய் ஊதுகிறபோது, ஊதிவிட்டு உள்ளிழுக்கிற அடுத்த மூச்சு முழுவதும் புகைதான். கூரைத் தகரத்தின் உட்புறம் தார் பூசினாற்போல் கறுத்து, மழை நாட்களில் அதிலிருந்து பழுப்பு நிறத்தில் நீர் சொட்டும். 2022இல் நாடு முழுவதும் சமையல் காஸ் கிடைக்காமற் போனபோது, கண்டி நகரத்து மாடிவீடுகளிலே இருந்தவர்கள்கூட விறகு தேடி அலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, இரண்டு மாதத்திலே இருமல் வந்துவிட்டது என்று புலம்பினார்கள். பெரியம்மா அப்போது சிரித்த சிரிப்பை எழுத்திலே காட்ட எனக்குச் சாமர்த்தியமில்லை.

வருஷத்தில் மூன்று தடவையாவது அவருக்கு நெஞ்சு கட்டிக்கொண்டு, மூச்சு வாங்கி, காய்ச்சலும் வந்து, ஆஸ்பத்திரி வரைக்கும் போகவேண்டியதாகிறது. அந்தச் சமயங்களில் வந்து பார்க்கிற உறவுக்காரர் எல்லோரும் ஒருமுகமாகச் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "ஒடம்புல எதிர்ப்புச் சக்தி இல்ல." இதைச் சொல்லி, சிலர் பஸ்பங்குவ என்னும் கஷாயச் சரக்கு வாங்கி வருவார்கள், சிலர் சமஹான் மூலிகைத்தூள் பெட்டி, வெளிநாட்டிலே பிள்ளைகள் இருக்கிறவர்கள், எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் என்று டப்பாவின்மேல் அச்சிட்டிருக்கும் மாத்திரைகள். அன்பினால் செய்வதை நிந்திக்கக் கூடாது. ஆனால் விஷயத்தின் உண்மை இதற்கு ஏறக்குறைய நேர்மாறானது என்பதையும், பெரியம்மாவின் சுவாசக்குழாய்களிலே நோயை எதிர்க்கும் கலங்கள் எந்த ஆரோக்கியசாலிக்கும் இருப்பதைக் காட்டிலும் பன்மடங்கு நிறைந்திருக்கின்றன என்பதையும், அவருடைய அவதியிலே பெரும்பகுதி அந்த நிறைவினால் விளைவதே என்பதையும் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு மனிதன் ஒரு நாளைக்கு உத்தேசமாக 10,000 லீற்றர் காற்றை உள்ளிழுக்கிறான். அதோடு தூசியும் கிருமியும் சேர்ந்தே போகின்றன. ஆரோக்கியமான சரீரத்தில், சுவாசக்குழாயின் உட்சுவரை ஒரு மெல்லிய சீதப்படலம் மூடியிருக்க, அதன் அடியிலே கண்ணுக்குத் தெரியாத பிசிர்கள் செக்கனுக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, ஒட்டிய அழுக்கையெல்லாம் தொண்டையை நோக்கி மேலே தள்ளிக்கொண்டேயிருக்கின்றன. அதை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். இதையும் தாண்டி ஆழத்திலுள்ள காற்றுச் சிற்றறைகள் வரை போய்ச் சேர்கிற கிருமியை, அங்கே நடமாடுகிற பெருவிழுங்கிகள் என்னும் கலங்கள் சந்தடியில்லாமல் தின்று ஜீரணித்துவிடுகின்றன. காய்ச்சலில்லை, இருமலில்லை, சளியில்லை. நிர்ப்பீடனம் என்னும் இந்த எதிர்ப்புச் சக்தி சரியாக வேலை செய்கிற இடத்தில் அது வேலை செய்வதே நமக்குத் தெரிவதில்லை.

புகை இந்த ஒழுங்கை ஒவ்வொரு படியிலும் குலைக்கிறது. பிசிர்கள் குட்டையாகிச் சோர்கின்றன. சீதம் சுரக்கும் கலங்கள் பெருகிச் சளி கெட்டிப்படுகிறது. கிருமி ஒட்டிக்கொள்ளாதபடி படலத்தில் பரவியிருக்கவேண்டிய ஐஜிஏ என்னும் பிறபொருளெதிரி, நோயுற்ற சிறு குழாய்களிலே இடத்துக்கிடம் இல்லாமற் போகிறது. பெருவிழுங்கிகளின் கதை இன்னும் பரிதாபமானது. ஆபிரிக்காவில் மலாவி தேசத்திலே, நம்முடைய லயங்களைப் போலவே வீட்டுக்குள் விறகெரிக்கிற மக்களின் சுவாசப்பையிலிருந்து எடுத்த பெருவிழுங்கிகளை ஆராய்ந்தவர்கள், அவற்றின் வயிற்றிலே கரித்துகள் நிறைந்திருப்பதைக் கண்டார்கள். அப்படிக் கரி தின்ற கலங்களுக்குக் கிருமியைத் தின்னும் திறமை குன்றிவிடுகிறது. சி.ஓ.பி.டி. நோயாளிகளின் பெருவிழுங்கிகள், எண்ணிக்கையில் அதிகமாயிருந்தும், ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுவென்சா என்னும் பக்டீரியாவை விழுங்குவதில் மந்தமாயிருக்கின்றன என்று அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஆராய்ச்சியாளர்களும் காட்டியிருக்கிறார்கள்.

இந்த ஹீமோஃபிலஸைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மானியர் 1892இல் இதைக் கண்டபோது, அக்காலத்தில் உலகமெங்கும் பரவிய இன்ஃபுளுவென்சாக் காய்ச்சலுக்கு இதுவே காரணம் என்று தவறாக எண்ணினார். உண்மையான காரணம் ஒரு வைரஸ் என்பது பின்னாளில் நிரூபணமாகியும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆரோக்கியமானவர்களின் மூக்கிலும் தொண்டையிலும் உபத்திரவமில்லாமல் குடியிருக்கிற இந்தப் பக்டீரியா, பெரியம்மாவைப் போன்றவர்களின் கீழ்ச் சுவாசக்குழாயிலே நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது. சரீரம் சும்மா இருப்பதில்லை, பிறபொருளெதிரி உண்டாக்குகிறது, அது அந்தக் கிருமியின் மேற்பரப்புப் புரதத்துக்கு அளவெடுத்துச் செய்தது. ஆனால் அதே இனத்தின் வேறொரு வகை, மேற்பரப்பைச் சற்றே மாற்றிக்கொண்டு வந்து சேரும்போது, பழைய பிறபொருளெதிரி அதன்மேல் பொருந்துவதில்லை. பஃபலோவிலே சஞ்சய் சேத்தி என்பவரும் அவருடைய சகாக்களும் 81 நோயாளிகளை மாதந்தோறும் வரவழைத்துச் சளியைப் பரிசோதித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், புதிய வகைக் கிருமியொன்று சளியிலே தென்பட்ட வருகைகளில் 33 வீதத்திலும், தென்படாத வருகைகளில் 15 வீதத்திலும் நோய் முற்றியிருந்தது என்று தெரிந்தது. கிருமியின் தொகை கூடுவதைக் காட்டிலும், சரீரம் அறிந்திராத புதுமுகம் ஒன்று வருவதே நோய் கிளர்ந்தெழுவதற்கு முக்கிய காரணம் என்ற கருத்து அதிலிருந்து வலுப்பெற்றது.

பெருவிழுங்கிகள் தங்களால் முடியாது என்று கண்டதும் இரசாயனச் சமிக்ஞைகளை விடுக்க, இரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்னும் வெண்குருதிக் கலங்கள் திரள்திரளாக வந்து குழாய்க்குள் இறங்குகின்றன. 1882இல் சிசிலியின் மெசினா நகரத்துக் கடற்கரை வீட்டிலே, நட்சத்திரமீனின் கண்ணாடி போன்ற இளம் உயிரிக்குள் முள்ளைக் குத்திவைத்து, மறுநாட் காலையிலே அம்முள்ளைச் சுற்றி நடமாடும் கலங்கள் வந்து மொய்த்திருப்பதைப் பார்த்த மெச்னிக்கோஃப், கிருமியைத் தின்று காக்கும் கலங்கள் உண்டென்று அன்றே ஊகித்தார். 1908இல் அதற்காக நோபெல் பரிசும் பெற்றார். தின்னும் கலங்கள் தின்ன முடியாதபோது என்ன செய்யும் என்பதுதான் பெரியம்மாவின் விஷயத்தில் கேள்வி. நியூட்ரோஃபில்களின் உள்ளே இலாஸ்டேஸ் என்ற ஒரு நொதியம் சிறு பைகளிலே அடைத்துவைக்கப்பட்டிருக்கிறது. கிருமியைக் கொல்வதற்கென்று இருப்பது. ஆனால் சுவாசப்பை விரிந்து சுருங்குவதற்கு ஆதாரமான இலாஸ்டின் இழையையும் அது கரைக்கும். நடுச்சாமத்திலே வீட்டுக்குள் திருடன் புகுந்தான் என்று கேட்டு ஓடிவந்த அயலவர்கள், இருட்டிலே திருடனைக் காணாமல், கையிலிருந்த தடியால் பானையையும் வேலியையும் அடித்து நொறுக்கி, திருடன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான் என்று சொல்லி மேலும் ஆட்களைக் கூப்பிட்டால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கிறது அந்தக் குழாய்களின் நிலைமை.

சரீரம் இதற்கும் ஒரு தடை வைத்திருக்கிறது. ஸ்வீடனில் மால்மோ நகரத்து வைத்தியசாலையிலே கார்ல்-பெர்ட்டில் லோரெல் என்பவர் இரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிலருடைய இரத்தத்தில் மட்டும் ஒரு புரதப் பட்டை இல்லாதிருப்பதைக் கவனித்து, இளம் மருத்துவரான ஸ்டென் எரிக்ஸனோடு சேர்ந்து அவர்களைத் தேடிப் பார்க்க, ஐந்து பேரில் மூவருக்குச் சுவாசப்பை சிதைந்திருந்தது. 1963இல் வெளியான அந்தக் கட்டுரையைத் தொடர்ந்துதான், அல்ஃபா-1 அன்டிட்ரிப்சின் என்னும் புரதம் இலாஸ்டேஸை அடக்கிவைத்திருக்கிறது என்ற உண்மை தெளிவாயிற்று. பிறவியிலேயே அப்புரதம் குறைந்திருப்பது நம் மக்களிடையே மிக அபூர்வம். ஆனால் புகையிலுள்ள இரசாயனங்கள், இருக்கிற புரதத்தையும் ஒட்சியேற்றிச் செயலிழக்கச் செய்துவிடும். அப்படிக் கட்டவிழ்ந்த இலாஸ்டேஸ் பிறபொருளெதிரிகளை வெட்டுகிறது, கிருமியைப் பற்றுவதற்குக் கலங்கள் வைத்திருக்கும் வாங்கிகளையும் வெட்டுகிறது, பிசிர்களைத் தளர்த்துகிறது, சீதச் சுரப்பை அதிகப்படுத்துகிறது. காவலுக்கு வந்ததே காவலின் கருவிகளை முறித்துப்போட, கிருமிக்கு மேலும் வசதி. கிருமி பெருக, நியூட்ரோஃபில்கள் மேலும் வருகை. லண்டன் ப்ரொம்டன் வைத்தியசாலையைச் சேர்ந்த பீட்டர் கோல், 1980களிலே இதை ஒரு விஷச்சக்கரம் என்று விவரித்தார்.

இதற்கு ஒரு பிரத்தியட்ச சாட்சியம் வேண்டுமென்றால், பெரியம்மா விடியற்காலையில் துப்புகிற சளியைப் பார்த்தாற் போதும். அருவருக்க வேண்டாம், இதைப் பார்க்கப் பழகுவதிலே பிரயோஜனமுண்டு. தயிர்க்கோப்பை ஒன்றைக் கழுவி, அதிலே துப்பி, வெளிச்சத்திலே பிடித்துப் பார்ப்பது அவருடைய வழக்கம். நல்ல நாட்களில் வெள்ளையாக, நூலிழுக்கும். ஒருநாள் எனக்குப் போன் எடுத்து, "தம்பி, முந்தாநாளு வெள்ளையாத்தான் வந்துச்சு, நேத்து மஞ்சளாச்சு, இன்னிக்குப் பாசி மாதிரி பச்சை" என்றார். அந்தப் பச்சை கிருமியின் நிறமென்று பலர் எண்ணுகிறார்கள். அது நியூட்ரோஃபில்களுக்குள்ளே இருக்கிற மயலோபெரொக்ஸிடேஸ் என்ற, இரும்புச்சத்துள்ள நொதியத்தின் நிறம். வந்து இறந்து சிதைந்த கலங்கள் எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கவ்வளவு பச்சை. பர்மிங்ஹாமைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டொக்லியும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆய்வில், நோய் முற்றிவந்தவர்களில் சளி நிறம்மாறிச் சீழ்ப்பட்டிருந்தவர்களிடம் 84 வீதத்தினருக்குப் பக்டீரியா வளர்ந்தது. வெள்ளைச் சளிக்காரர்களிடம் 38 வீதத்தினருக்கே வளர்ந்தது. அந்த வெள்ளைச் சளிக்காரர்கள் நுண்ணுயிர்க்கொல்லி இல்லாமலே குணமடைந்தார்கள். ஆகவே, இருமல் கூடியதும் பாமசிக்கு ஓடி நாலு அமொக்சிசிலின் வாங்கித் தின்றுவிட்டு, மூச்சு இலேசானதும் நிறுத்திவிடுகிற நம்மூர் வழக்கம் இரண்டு விதத்திலும் பிழை: தேவையில்லாத நாளிலே தின்கிறோம், தேவையான நாளிலே அரைகுறையாகத் தின்கிறோம். கேட்டவுடனே நாலு குளிசையைக் கத்தரித்துக் கொடுக்கிற கடைக்காரர்களுக்கும் இதிலே பங்குண்டு. எந்தக் கடை என்று எழுதப்போவதில்லை.

தோட்டத்து மக்களின் சுவாசத்தைப் பற்றி இலங்கையிலே யாரும் கவலைப்படவில்லை என்று சொல்ல முடியாது. 1903இல் கொழும்புக்கு வந்த இத்தாலியரான ஆல்டோ கஸ்டெல்லானி, தேயிலை ருசி பார்ப்பவர்களுக்கு வரும் இருமலைத் தனியொரு வியாதியாக விவரித்துப் பூஞ்சணத்தின்மேல் பழி போட்டார். அவருக்குப் பல்லாண்டுகள் பின்னால் வந்த நம் நாட்டு மார்புநோய் நிபுணர் சி. ஜி. ஊரகொட, தேயிலைத் தூசியினால் வரும் ஆஸ்துமாவை 1970இல் எழுதினார். தேயிலைத் தொழிலாளரிடையே நாட்பட்ட சுவாசக்குழாய் அழற்சியைப் பற்றி 1980இல் எழுதினார். சயரோகத்துக்கு ஐசோனியாசிட் மாத்திரை தின்பவர்கள் சூரைமீன் தின்றால் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும் என்பதைக் கவனித்துச் சொன்னவரும் இவரே. பெரியம்மாவுக்குச் சூரை இன்றுவரை ஆகாத மீனாயிருப்பதற்குக் காரணம் அந்தக்கால ஆஸ்பத்திரி உபதேசமாக இருக்கலாம். தொழிற்சாலைத் தூசியைப் பற்றி எழுதியவர்கள் இருக்க, கொழுந்தெடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பூதிய பெண்களின் புகையைப் பற்றிய அக்கறை வெகு தாமதமாகவே வந்தது என்பது என் அபிப்பிராயம்.

நிர்ப்பீடனத்தைப் பெருக்குவதற்குப் பதிலாக அடக்குவதிலேதான் சிகிச்சையின் சமீபகாலச் சரித்திரம் நடந்திருக்கிறது. ஜப்பானிலே பரவலான நுண்குழாய் அழற்சி என்ற கொடிய நோயொன்று, நோயாளிகள் பலரைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. எரித்ரோமைசினை மிகக் குறைந்த அளவிலே நெடுங்காலம் தின்றுவந்த ஒரு நோயாளி தேறியிருப்பதைக் கவனித்த ஷோஜி குடோ, 1980களிலே அதைப் பலருக்கும் கொடுத்து அந்நோயின் கதியையே மாற்றினார். அந்த அளவு கிருமியைக் கொல்லப் போதாது. நியூட்ரோஃபில்களின் வருகையைத் தணிக்கவே அது பயன்பட்டது. அதே வழியிலே அஸித்ரோமைசினை ஒரு வருஷம் தொடர்ந்து கொடுத்தால் சி.ஓ.பி.டி. முற்றுவது குறைகிறது என்று 2011இல் அமெரிக்காவிலே காட்டினார்கள். காது மந்தமாகக்கூடும், இருதயத் துடிப்பையும் பார்க்கவேண்டும் என்பதனால் இது டொக்டரின் கண்காணிப்பிலே மட்டும் நடக்கவேண்டியது. 2025 ஓகஸ்டில் அமெரிக்க அரசு, ப்ரொங்கியெக்டேசிஸுக்கு ப்ரென்சொகாட்டிப் என்ற மாத்திரையை அங்கீகரித்தது. அது கிருமியைத் தொடுவதேயில்லை. நியூட்ரோஃபில்கள் எலும்பு மச்சையிலே உருவாகும்போதே இலாஸ்டேஸ் முதலியவற்றைக் கூர்தீட்டாமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. அப்படிச் செய்தபோது நோய் கிளர்ந்தெழுவது குறைந்தது. மறுபுறம், அளவுக்கு மிஞ்சி அடக்குவதும் ஆபத்தென்பதற்கு, உறிஞ்சும் ஸ்டீரொயிட் மருந்துகள் சி.ஓ.பி.டி. நோயாளிகளிடையே நியுமோனியாவைச் சற்று அதிகப்படுத்துவது அத்தாட்சி. அதற்காக யாரும் தாமாக இன்ஹேலரை நிறுத்திவிட வேண்டாம். நிறுத்துவதா தொடர்வதா என்பதை இரத்தத்திலுள்ள ஈயோசினோஃபில் என்னும் கலங்களின் கணக்கையும் பார்த்து நிபுணர்கள் தீர்மானிக்கிறார்கள்.

ப்ரென்சொகாட்டிப் கலஹா பக்கம் வந்துசேர எத்தனை காலம் செல்லுமோ. அதுவரை பெரியம்மாவுக்குக் கிடைப்பது, வருஷந்தோறும் இன்ஃபுளுவென்சாத் தடுப்பூசி. நியூமோகொக்கஸ் தடுப்பூசியைக் காசு கொடுத்து ஒருமுறை போட்டோம். தடுப்பூசி, மேலே சொன்னதைப் போன்ற புதுமுகங்களுக்குள் சிலவற்றைச் சரீரத்துக்கு முன்கூட்டியே அறிமுகப்படுத்திவைக்கிறது. இவற்றைக் காட்டிலும் பலன் தந்தது, ஃபிசியோதெரபி மிஸ் கற்றுக்கொடுத்த மூச்சுப் பயிற்சி என்று சொல்வேன். கட்டிலோரத்தில் உட்கார்ந்து, நாலைந்து மூச்சை ஆழ இழுத்து, சற்றே நிறுத்தி, பிறகு கண்ணாடியிலே ஆவி படியவைக்க ஊதுகிறவிதமாக, வாயைத் திறந்து "ஹா" என்று அழுத்தி வெளிவிடவேண்டும். இரண்டு மூன்று தடவை செய்தபின் ஒரு இருமலிலே சளி கிளம்பிவரும். காலையிலும் மாலையிலும் இப்படிச் சளியை வெளியேற்றிவிட்டால், இறந்த நியூட்ரோஃபில்களும் இலாஸ்டேஸும் கிருமியும் ஒன்றாக வெளியேறுகின்றன. காசு செலவில்லாத இந்த வைத்தியத்தைப் பெரியம்மா வெகுநாள் வைத்தியமென்றே ஒப்புக்கொள்ளவில்லை. குளிசை கொடுக்காத மிஸ்மேல் அவருக்கு நம்பிக்கை வர ஒரு மழைக்காலம் முழுதும் ஆயிற்று. எசல பெரஹராவுக்கு மட்டும், கொப்பராப் பந்தங்களின் புகையும் ஜனநெரிசலும் ஆகாது என்று, அவரை வீட்டிலே ரூபவாஹினியில் பார்க்கும்படி சொல்லியிருக்கிறோம். பேச்சைக் கேட்பதாய் இல்லை.

அடுப்பின் விஷயம் இன்னும் தீரவில்லை. 2017இல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து மேலும் பத்தாயிரம் வீடுகள் தருவதாக அறிவித்த அந்தத் திட்டத்தைப் போன்றவற்றிலே, தனித்தனி வீடாகக் கட்டிக்கொடுக்கும்போது குசினிக்குத் தனியிடம் கிடைக்கிறது. பெரியம்மாவின் லயத்துக்கு அந்த முறை இன்னும் வரவில்லை. காஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தோம். சிலிண்டரின் விலையைக் கேட்டுவிட்டுத் தேநீர் போட மட்டும் பற்றவைக்கிறார். போன மாதம் தகரக் குழாயொன்றை வளைத்து, பக்கச் சுவரைத் துளைத்துப் புகைபோக்கி வைக்க மேசன் ஒருவரோடு போனேன். கங்காணியிடமும் தோட்டத்து ஒபிஸிலும் அனுமதி கேட்கவேண்டும் என்கிறார்கள். கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொத்தமல்லித் தண்ணீரையும் பஸ்பங்குவவையும் நான் நிறுத்தச் சொல்லவில்லை. கெட்டிச் சளிக்குச் சுடுநீர் எந்த ரூபத்தில் உள்ளே போனாலும் நல்லதுதான். அதை மிலாறு அடுப்பிலே, பக்கத்தில் குந்தியிருந்து, அரைமணி நேரம் ஊதி ஊதிக் காய்ச்சுவதைப் பற்றித்தான் எங்களுக்குள் தகராறு.